ஒரே இடத்தில் நின்றால் கால் வீங்கித் தலை சுற்றுகிறது, நடந்தால் ஒன்றுமில்லை. ஏன்?

கேள்வி இதுதான்: நல்லூர்த் திருவிழாவில் பூசை முடியும்வரை ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றால் கால் கனத்து, கணுக்கால் வீங்கி, சிலவேளை கண்ணும் இருட்டிக்கொண்டு வருகிறது. அதே நேரம் வெளிவீதியைச் சுற்றி நடந்தால் ஒன்றும் செய்வதில்லை. நடப்பதுதானே கூடின வேலை?

இதயத்துக்குக் கூடின வேலைதான். ஆனால் காலில் இருக்கும் இரத்தத்தை மேலே ஏற்றும் பம்ப் நடக்கும்போதுதான் ஓடும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம். அதில் மூன்றில் இரண்டு பங்கு நாளங்களில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், கிடக்கிறது. நாளத்தின் சுவர் மெல்லியது, அமுக்கம் கூடினால் விரிந்துகொடுக்கும். படுத்திருந்து எழும்பினால் அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரையான இரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கணுக்கால் இதயத்துக்கு 120 சென்ரிமீற்றர் கீழே என்று வையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் உயர இரத்தத்துக்கு 0.77 மி.மீ. இரசம் (பிரசர் அளக்கும் அலகு) அமுக்கம். படுத்திருக்கும்போது 10 அளவில் இருக்கும் கணுக்கால் நாளத்தின் அமுக்கம், அசையாமல் நின்றால் 90 அளவுக்கு ஏறுவது இந்தக் கணக்கால்தான்.

இரத்தம் மேலிருந்து பின்னோக்கி வழிந்து காலை நிரப்புகிறது என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் இறைப்பு மெசின் வைத்திருப்பவர்களுக்குப் புட்வால்வு தெரியும். மேலே ஏறின தண்ணீரைக் கிணற்றுக்குத் திரும்ப விடாது. கால் நாளங்களுக்குள் அப்படிப்பட்ட வால்வுகள் தட்டுத்தட்டாக இருக்கின்றன. அவை நல்ல நிலையில் இருந்தால் நாளம் நாடிப் பக்கமிருந்துதான் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்தான் நாடி) மெல்ல நிரம்பும், அதற்கு 20 விநாடிக்கு மேல் எடுக்கும். வால்வு பழுதானவர்களுக்கு மேலிருந்தும் வழிவதால் அதைவிட வேகமாக நிரம்பிவிடும். சுருண்டு புடைத்த நரம்பு என்று நாங்கள் சொல்வது இந்த நாளங்களைத்தான், நரம்பை அல்ல.

ஒரு அடி எடுத்து வைக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி உள்ளே இருக்கும் ஆழமான நாளங்களைப் பிழிகிறது. வால்வு இருப்பதால் இரத்தத்துக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. பத்துப் பன்னிரண்டு அடி நடந்தாலே கணுக்காலின் 90, 30 அளவுக்கு இறங்கிவிடும். நின்றால் மறுபடி ஏறும்.

வீக்கம் அடுத்த கட்டம். அமுக்கம் கூடினபடியே இருந்தால் மயிர்க்குழாய்களின் சுவரூடாக இரத்தத்தின் நீர்ப்பகுதி தசைக்குள்ளும் தோலுக்கடியிலும் கசிகிறது. அரை மணித்தியாலம் அசையாமல் நின்றால் அந்த நீர்ப்பகுதியில் பத்திலொரு பங்குக்கு மேல் குழாயை விட்டு வெளியேறலாம். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைய, ஒரு துடிப்பில் வெளியேறுவதும் குறையும். கழுத்து நாடியில் உள்ள அமுக்க உணரிகள் இதைக் கண்டு நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூட்டி, குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். ஆவணி வெயிலில் தோலைக் குளிர்விக்க அதே குழாய்கள் விரிந்தாக வேண்டும். விரதத்தில் தண்ணீரும் குடிக்காமல் நின்றால் சமாளிப்பு அங்கேதான் உடைகிறது.

நிற்கத்தான் வேண்டுமென்றால் குதியை உயர்த்தி இறக்குங்கள், நிமிடத்துக்கு ஏழெட்டுத் தரம். முன்பே அரை லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். தண்ணீர்ப் பந்தலில் உப்புப் போட்ட மோர் கிடைத்தால் இன்னும் நல்லது, பிரசர் அல்லது சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் உப்பைத் தவிர்க்கவும். கண் இருட்டத் தொடங்கினால் ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்துத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் குந்துங்கள்.

மயங்கினவரைத் தூக்கி நிறுத்தி வைத்துக்கொண்டு "காத்துப் பட விடுங்கோ" என்று கத்துவது எங்கள் வழக்கம். நிறுத்தி வைத்தால் மூளைக்கு இரத்தம் ஏறாது. நிலத்தில் கிடத்திக் காலை உயர்த்துங்கள். நினைவு வரும்வரை வாயில் சோடா ஊற்றக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ நெஞ்சு நோ என்றாலோ இலங்கையின் அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரசர் பாருங்கள். எழும்பி நின்று 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் திரும்பப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் உங்கள் குளிசைப் பட்டியலை வைத்தியரிடம் காட்ட வேண்டும். பிரசர் குளிசை, புரொஸ்டேற்றுக்குப் போடும் டம்சுலோசின், மூத்திரம் போக்கும் குளிசை மூன்றுமே இந்த இறக்கத்தைக் கூட்டும். பிரசருக்குப் போடும் அம்லோடிபின் கணுக்காலையும் வீங்க வைக்கும், அது சிறு நாடிகளை விரிப்பதால் வரும் வீக்கம். அதற்குப் பார்மசியில் மூத்திரக் குளிசை வாங்கிப் போடுவது வீண் வேலை. வீக்கம் பெரிதாக வற்றாது, மயக்கம் கூடும்.

புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இறுக்கக் காலுறை உதவும். காலையில் கட்டிலை விட்டு இறங்கமுன் போட வேண்டும், வீங்கின பிறகு போட்டால் பாதிப் பயன்தான். நீரிழிவுக்காரர் காலின் நாடி ஓட்டத்தைச் சோதித்த பிறகே போடலாம்.

இரண்டு காலும் பின்னேரம் வீங்கி விடியத்தில் வற்றினால் அது பெரும்பாலும் நின்றதால் வந்தது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகிக் கெண்டையில் நொந்தால் உள்ளே நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி இருக்கலாம். அதை உருவி விடாமல், எண்ணெய் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.