ஹாம் நிலையம் வரைபடத்தில் கடலுக்குள் நிற்கிறதா?

கேள்வி: திருகோணமலை டவுனில் இருக்கிறேன். நானும் தம்பியும் அமெச்சூர் வானொலி (ஹாம்) அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள். நிலையம் இருக்கும் இடத்தை வானொலியில் அனுப்புகிற ஏபிஆர்எஸ் முறையைப் போட்டதிலிருந்து என் வீட்டு நிலையம் இணைய வரைபடத்தில் புல்மோட்டைப் பக்கம் கடலுக்குள் தெரிகிறது. தம்பி காரில் கந்தளாய் போனால் தம்பலகாமம் சந்தியோடு குறி நின்றுவிடுகிறது. அம்மா பயந்துபோகிறார். எங்கே பிழை?

பதில்: வீட்டை முதலில் கரைக்குக் கொண்டுவருவோம். போனில் இருக்கிற வரைபடம் உங்கள் இடத்தை 8.57, 81.23 என்று காட்டியிருக்கும். அது பாகையின் தசமம். ஏபிஆர்எஸ் பாக்கெட்டில், அதாவது நிலையம் வானொலியில் அனுப்புகிற சிறு தரவுத் துண்டில், போவதோ பாகையும் கலையும் (ஒரு பாகைக்கு 60 கலை). 0.57-ஐ 60-ஆல் பெருக்கினால் 34.2, 0.23-ஐப் பெருக்கினால் 13.8. ஆகவே வடக்கு 0834.20, கிழக்கு 08113.80 என்று கொடுக்க வேண்டும். நீங்கள் 0857.00, 08123.00 என்று அடித்திருப்பீர்கள். அகலாங்கில் ஒரு கலை 1.85 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் வீடு வடக்கே 42 கிலோமீட்டரும் கிழக்கே 17 கிலோமீட்டரும் நகர்ந்து கடலுக்குப் போய்விடும். செட்டிங்கில் அந்த இரண்டு எண்களையும் திருத்துங்கள், சரியாகிவிடும்.

தம்பியின் விஷயம் வேறு. கார் அனுப்புகிற பாக்கெட்டை யாராவது வானொலியில் கேட்டு இணையத்துக்குத் தள்ளினால்தான் அது வரைபடத்துக்கு வரும். அந்த வேலையைச் செய்கிற நிலையத்துக்கு ஐகேட் என்று பெயர். உங்கள் பக்கத்தில் அது உங்கள் வீட்டு நிலையம் மட்டும்தான் போலிருக்கிறது. இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். 10 மீட்டர் உயர அன்டெனாவிலிருந்து வானொலித் தொடுவானம், அதாவது அலை எட்டுகிற எல்லை, சுமார் 13 கிலோமீட்டர். காரின் கூரையிலிருந்து 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 18. தம்பலகாமமும் டவுனிலிருந்து ஏறக்குறைய அந்தத் தூரம்தான். கந்தளாய் அதைப்போல இரண்டு மடங்கு. தம்பியின் செட்டில் பழுது இருக்கத் தேவையில்லை. மூதூர் போகும்போது பாருங்கள், கொட்டியாரக் குடாவில் இடையில் வெறும் தண்ணீர்தான், நன்றாகவே கேட்கும்.

இதை அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். அந்தக் குறி, கார் கடைசியாகக் கேட்கப்பட்ட இடம். நேரலை என்ற பேச்சை நம்பி, அது இப்போது அங்கேதான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறியைத் தட்டினால் கடைசிப் பாக்கெட் வந்த நேரம் தெரியும். இடத்தைவிட அந்த நேரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பாக்கெட்டின் மூல வரியில் ‘டிசிபிஐபி’ (TCPIP) என்று இருந்தால், அது வானொலியில் வரவில்லை, போன் ஆப் போன்ற ஒன்று இணையம் வழியாக நேரே போட்டது. உங்கள் வானொலி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்கு அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

என்ன செய்யலாம்? காரின் இடத்தை அனுப்புகிற புதிய டிராக்கருக்குக் காசு போடாதீர்கள், கேட்கிற காதுக்குப் போடுங்கள். கந்தளாயில் அனுமதி உள்ள நண்பர் ஒருவரின் கூரையில் ஓர் அன்டெனா, வானொலியைக் கேட்க ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி டாங்கிள், ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, பாக்கெட்டைப் படிக்க டயர் வுல்ஃப் மென்பொருள், இணைய இணைப்பு இருந்தால் போதும், அங்கே ஓர் ஐகேட் தயார். வீட்டு அன்டெனாவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாலும் பலன் உண்டு, ஆனால் கந்தளாய் வரை எட்டாது.

அலைவரிசையையும் ஒருமுறை பாருங்கள். வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ். வெளிநாட்டுக் கையேட்டில் இருப்பதை அப்படியே போடாமல், இங்கே மற்ற ஹாம்கள் எதில் இருக்கிறார்களோ அதில் இருங்கள். காருக்கு அழைப்புக்குறியோடு (நிலையத்தின் வானொலிப் பெயர்) 9 சேர்ப்பது வழக்கம், இடையிலுள்ள நிலையங்கள் பாக்கெட்டை மறுபடி அனுப்புகிற பாதைக்கு வைட் 1-1, வைட் 2-1. 10 செக்கனுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டாம். எல்லோருக்கும் ஒரே அலைவரிசைதான், வேகமும் 1200 பாட் (செக்கனுக்கு 1200 பிட்) மட்டுமே. காருக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு அரை மணிக்கு ஒன்று போதும்.

இன்னொன்று. இதை உருவாக்கிய பாப் புருனிங்கா, ஏபிஆர்எஸ் என்பது வெறும் வாகனம் தேடுகிற கருவி அல்ல என்று விடாமல் வலியுறுத்தியவர். இதில் 67 எழுத்து வரை குறுஞ்செய்தியும் அனுப்பலாம். கந்தளாயில் அந்த ஐகேட் ஓடத் தொடங்கியதும், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று தம்பி அங்கிருந்து உங்களுக்கு ஒரு வரி போடட்டும். அசையும் குறியைவிட அம்மாவுக்கு அதுதான் நிம்மதி.