கதிரியக்க அயோடின்: கேட்டவர்களுக்குப் பதில்

அணு மருத்துவப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். அதிகமாகச் சுரக்கும் தைராய்டுக்குத் தரும் அயோடின் சிகிச்சை பற்றி வந்த கேள்விகள் இவை.

ஈசூன் வாசகி: அக்கா, மாத்திரை விழுங்கி மூன்று மாதம் ஆகிறது. இப்போது தைராய்டு குறைந்துவிட்டதாம். அளவு தவறிவிட்டதா?

இல்லைம்மா. சுரப்பியை அடக்கத்தானே அந்த அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின். அது தைராய்டுக்குள் போய் உட்கார்ந்து செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். சரியாக இந்த அளவோடு நில் என்று அதற்குச் சொல்ல முடியாது. பாதியில் நின்று மறுபடி அதிகமாவதைவிடக் குறைந்துபோவதே மேல் என்றுதான் பல மருத்துவர்களும் நினைப்பார்கள். பெரும்பாலோர் ஆயுசுக்கும், குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காப்பி அரைமணி நேரமாவது கழித்து.

ஒரு விஷயம். முதல் சில மாதங்கள், ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 இறங்கிய பிறகும் டிஎஸ்எச் எழும்பாமல் கிடக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அங் மோ கியோ வாசகி: கணவருக்குத் தைராய்டை அதிகமாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய், கண் பிதுங்கியிருக்கிறது. சிகரெட்டும் உண்டு. அயோடின் எடுக்கலாமா?

நான் பயப்படுவது இதற்குத்தான். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கண் நோய் முற்றலாம், புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. கண் மருத்துவரை முதலில் பாருங்கள். லேசாக இருந்தால் ஸ்டீராய்டு துணையோடு கொடுப்பதுண்டு. கடுமையாக இருந்தால் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை, அறுவை சிகிச்சை என்று வேறு வழிதான் நல்லது. சிகரெட்டை இன்றே விடச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

ஜூரோங் வாசகர்: அயோடின் எடுத்து ஐந்தாம் நாள், கழுத்து வலிக்கிறது, படபடப்பும் இருக்கிறது.

சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்த ஹார்மோன் கசிகிறது. பெரும்பாலும் தானே அடங்கும், ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். கடும் காய்ச்சல், குழப்பம், இதயம் தறிகெட்டு ஓடுவது என்றால் காத்திருக்காமல் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வாரந்தோறும் ஜொகூர் போகிறேன். சோதனைச்சாவடியில் கருவி கத்துமா?

கத்தலாம். அயோடினின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகும் காலம், 8 நாள்தான், ஆனால் நுண்ணிய கருவிகள் பல வாரம்வரை மோப்பம் பிடிக்கும். மருத்துவமனைக் கடிதத்தைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

பொங்கோல் வாசகி: கைக்குழந்தை இருக்கிறது, தாய்ப்பால் கொடுக்கிறேன்.

அப்படியானால் இப்போது வேண்டாம். பால் குடியை நிறுத்திக் குறைந்தது ஆறு வாரமாவது போன பிறகுதான் சிகிச்சை. சிகிச்சைக்கு அப்புறமும் ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. சிகிச்சை எடுத்தபின், மருத்துவமனை சொல்லும் நாள்வரை பிள்ளை பாட்டியிடம் தூங்கட்டும்.