யோசேப்பை விற்றபோது தாத்தா ஈசாக்கு உயிரோடு இருந்தாரா?

சகோதரி, பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் 35-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் மரணம், 37-இல் யோசேப்பை அண்ணன்மார் விற்பது. அப்படியானால் பேரனுக்கு நேர்ந்தது தாத்தாவுக்குத் தெரியாதா என்று உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி. ஈசாக்கு அப்போது உயிரோடுதான் இருந்தார்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். எகிப்தின் அரசன் பார்வோன் முன் நின்றபோது, ஈசாக்கின் மகனும் யோசேப்பின் தகப்பனுமான யாக்கோபுக்கு 130 வயது. யோசேப்பு 30 வயதில் எகிப்தில் அதிகாரத்துக்கு வந்தார். அப்புறம் 7 செழிப்பான வருஷம், 2 பஞ்ச வருஷம். ஆக, தகப்பன் பார்வோன் முன் நின்றபோது யோசேப்புக்கு 39. தகப்பனின் 91-ஆம் வயதில் பிறந்த பிள்ளை. யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டபோது யாக்கோபுக்கு 108. யாக்கோபு பிறந்தபோது ஈசாக்குக்கு 60 என்பதால், அவருக்கு 168. இறந்தது 180-இல். அதன்பின்னும் சுமார் 12 வருஷம் இருந்திருக்கிறார்!

அதுவும் தொலைவில் இல்லை. ஈசாக்கு இருந்தது எபிரோனில். யோசேப்பை அண்ணன்மாரிடம் யாக்கோபு அனுப்பியதும் எபிரோன் பள்ளத்தாக்கிலிருந்துதான். யோசேப்பு செத்துப்போனதாகக் காட்ட அண்ணன்மார் ஆட்டுக்கடா ரத்தத்தில் தோய்த்த அந்த அங்கியைப் பார்த்து மகன் யாக்கோபு கதறியது, பார்வை மங்கிய கிழவரின் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? வசனம் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

ஒருவரின் கதையை முடித்துவிட்டே அடுத்தவரிடம் போவது அந்த நூலின் வழக்கம். 25-ஆம் அதிகாரத்திலும் ஈசாக்கின் தகப்பன் ஆபிரகாமின் மரணம் முதலில், ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளான ஏசா, யாக்கோபு பிறப்பு பிறகு. ஆனால் ஆபிரகாம் இறக்கும்போது பேரன்களுக்கு 15 வயது. இந்தக் கணக்கை அடுத்த வகுப்பில் பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.