90 டாலர் போவியும் 1,800 டாலர் போவியும்

கேள்வி: நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். கத்தி சேகரிக்கும் ஆசை உள்ள என் கணவர், ஒரு கண்காட்சியில் பார்த்த 10 அங்குல டமாஸ்கஸ் போவிக்கு (அமெரிக்கப் பாணிப் பெரிய கத்தி) 1,800 டாலர் கொடுக்கத் தயாராக இருக்கிறார். இணையத்தில் அதே போன்றது 90 டாலருக்குக் கிடைக்கிறது. இரண்டிலும் அதே அலை அலையான கோலம்தான். ஒரு வெங்காயம்கூட நறுக்கப்போவதில்லை. இவ்வளவு கொடுப்பது நியாயமா?

பதில்: கண்காட்சிக் கத்தியைச் செய்தவர் தேர்ந்த கொல்லர் என்றால் அது நியாயமான விலைதான். ஏன் என்று சொல்கிறேன்.

இன்று டமாஸ்கஸ் என்று விற்பதில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை அடுக்கிப் பற்றவைத்தவை. பலரும் எடுப்பது 1084 என்ற கரி எஃகும், சுமார் 2 சதவீதம் நிக்கல் உள்ள 15N20-யும். வெண்காரம் தூவி, உலையில் வெளிர்மஞ்சளாகக் காய்ச்சி, சம்மட்டியாலோ அழுத்து இயந்திரத்தாலோ ஒன்றாக்குவார்கள். நீட்டி, வெட்டி, மறுபடி அடுக்குவார்கள். 10 அடுக்கு 40 ஆகும், 160 ஆகும், 320 ஆகும். கடைசியில் ஃபெரிக் குளோரைடில் முக்கினால் கரி எஃகு கறுக்கும், நிக்கல் எஃகு வெள்ளியாக நிற்கும். அதுதான் அந்தக் கோலம்.

ஒவ்வொரு சூட்டிலும் எஃகு செதிலாக உதிர்ந்து வீணாகும். ஓரிடத்தில் ஒட்டாமல் போனால் அது கடைசிச் சாணையில்தான் கண்ணில் படும். அதுவரை போட்ட உழைப்பு மொத்தமும் குப்பைக்குப் போகும். மூன்று அங்குல மடக்குக் கத்தியில் இந்த ஆபத்து குறைவு. 10 அங்குல அலகில் முழு நீளத்துக்கும் கோலம் பிசகாமல் வர வேண்டும், துவைச்சல் போடும்போது, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கும்போது, வளையக் கூடாது, பிடியிலிருந்து நுனி வரை கனம் படிப்படியாகக் குறைய வேண்டும். இந்தக் கடைசி விஷயம் படத்தில் தெரியாது. நல்ல போவி கையில் எடுத்தால் அளவைவிட லேசாக இருக்கும். மலிவான போவி கடப்பாறை மாதிரி நுனியில் தொங்கும். சேகரிப்பாளர்கள் பெரிய போவியைத் தேடுவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து: அந்த அளவில் செய்தவரால் எதையும் மறைக்க முடியாது.

அமெரிக்கக் கொல்லர் சங்கமான ஏ.பி.எஸ். இதே அளவில்தான் சோதிக்கிறது. 1976-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் 'மாஸ்டர் ஸ்மித்' ஆக விரும்புபவர், 10 அங்குலத்துக்கு மிகாத அலகை, குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸில் செய்து வர வேண்டும். அந்தரத்தில் தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை அது ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கிய பிறகும் கை முடியை மழிக்க வேண்டும். முடிவில் பட்டறைப் பிடியில் வைத்து 90 பாகை வளைப்பார்கள், ஒடியக் கூடாது. தேறியவர்கள் அலகில் எம்.எஸ். என்ற முத்திரை குத்தலாம். அதற்கு முந்தைய படியில் இருப்பவர்களுக்கு ஜே.எஸ். உங்கள் கணவர் பார்த்த கத்தியில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வரலாறும் விலையில் சேர்கிறது. 1827 செப்டம்பரில் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த கத்திச் சண்டையில் ஜிம் போவி பெயர் பெற்றார். இந்தக் கத்திக்கு அவர் பெயர்தான். 1836-இல் டெக்சாஸின் அலமோ கோட்டைப் போரில் இறந்தார். அந்தச் சண்டைக் கத்தியை நான்தான் செய்தேன் என்று அவருடைய அண்ணன் ரெசின் 1838-இல் எழுதினார்: ஒன்பதேகால் அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், வளைவில்லாத அலகு. நுனி வெட்டி வளைந்த இன்றைய வடிவம் பின்னால் வந்தது. ஆகவே 'அசல் போவி வடிவம்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் ஏற்காதீர்கள்.

இனி 90 டாலர் கத்தி. அந்த விலையில் வருபவை பெரும்பாலும் பாகிஸ்தானின் வசீராபாத் பட்டறைகளில் செய்பவை. அங்கே கைத்திறன் உள்ள கொல்லர்கள் பலர் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விலைக்கு என்ன எஃகு, எப்படித் துவைச்சல் போட்டது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். இன்னொரு வகை, சாதாரண எஃகின் மேல் லேசரில் கோலம் வரைந்தது. அலகின் முதுகைப் பாருங்கள்: உண்மையான அடுக்கென்றால் கோலம் அங்கேயும் ஓடும். கைப்பிடியும் கைக்காப்பும் சேரும் இடத்தில் பசை பிதுங்கி நின்றாலோ, வெளிச்சம் தெரிந்தாலோ வேண்டாம். சுவரில் மாட்ட மட்டும் என்றால் 90 டாலர் கத்தி போதும். ஆனால் பிறகு விற்றால் அந்த 90-கூடத் திரும்பாது.

கேள்வி: 'டமாஸ்கஸ் என்பதால் வெட்டும் திறன் அதிகம், இது பழைய தென்னிந்திய உருக்கு' என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். சரியாகத் துவைச்சல் போட்ட தனி எஃகும் அதே அளவு நன்றாக வெட்டும். கோலம் அழகுக்கு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகு மேற்காசிய வாள்களுக்குப் போனது உண்மை. ஆனால் அந்தக் கோலம் ஒரே கட்டியின் உள்ளே கார்பைடு வரிகளாகத் தோன்றியது. அடுக்கிப் பற்றவைத்தது அல்ல. இன்றைய அடுக்கு டமாஸ்கஸுக்கு அமெரிக்காவில் புது உயிர் தந்தது 1973-இல் பில் மோரன் என்ற கொல்லர் காட்சிக்கு வைத்த கத்திகள். இப்போதும் மூசை எஃகு செய்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் அதை 'வூட்ஸ்' என்று தெளிவாகச் சொல்லித் தனி விலைக்குத்தான் விற்பார்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு எப்படி வைத்துக்கொள்வது? ஊருக்கு எடுத்து வரலாமா?

பதில்: தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் ஈரமும் துருவைக் கொண்டுவரும். ஹூஸ்டன் காற்றில் இன்னும் வேகமாக. விரல் ரேகையைத் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாகப் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள். டெக்சாஸில் 2017 முதல் பெரிய கத்தியை வெளியே கொண்டுபோகப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் ஐந்தரை அங்குலத்தைத் தாண்டும் கத்தியைப் பள்ளி போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டாம். 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாத அலகு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும். கொண்டுவர உரிமம் வேண்டும். கைப்பிடி கடமான் கொம்பாக இருந்தால் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். யானைத் தந்தக் கைப்பிடி என்றால் அமெரிக்காவிலேயே வாங்காதீர்கள். 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்க ஏறத்தாழ முழுத் தடை இருக்கிறது. அயர்ன்வுட் என்ற கடின மரத்தில் பிடி கேளுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், தந்தத்துக்கு உள்ள தொல்லையும் இராது.