நிமிர்ந்து நடந்ததன் விலைதான் முதுகுவலியா?

கேள்வி: "என் அப்பாவுக்கு 58 வயது. சேலத்தில் குகை என்ற பகுதியில் கைத்தறி நெய்கிறார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், 'தேய்மானம். மனுஷன் நாலு காலிலிருந்து ரெண்டு காலுக்கு வந்ததுக்குக் கொடுக்கிற விலை' என்று சொன்னார். அதிலிருந்து அப்பா தறிப் பக்கமே போகாமல் படுத்தே கிடக்கிறார். உண்மையிலேயே இதற்கு ஒன்றும் செய்ய முடியாதா?"

டாக்டர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி உங்கள் அப்பா படுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். அம்மாப்பேட்டை தறிக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், ஏற்காடு எஸ்டேட் பெண்கள் என்று குறுக்கு வலிக்காரர்கள்தான் எங்களிடம் அதிகம்.

முதலில் அந்த உண்மையான பாதி. இடுப்புக்கு மேலே நம் முதுகு உள்பக்கமாக வளைந்திருக்கிறது. உடம்பின் எடை கால்களுக்கு நேர் மேலே நிற்பதற்காக ஏற்பட்ட வளைவு அது. மனிதக் குரங்குகளுக்கு இந்த அளவு வளைவு கிடையாது. வளைவின் அடியில் இருக்கும் முள்ளெலும்பின் பின்புறத்தில் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. நூற்றில் ஐந்தாறு பேருக்கு அதில் விரிசல் விழுகிறது. ஸ்பாண்டிலோலைசிஸ் என்பார்கள். வாழ்நாளில் நடந்தே இராத 143 பேரைப் படமெடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1981இல் வெளியானது. ஒருவருக்குக்கூட அந்த விரிசல் இல்லை. நிமிர்ந்து நடப்பதற்கும் முதுகெலும்புக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு ஆய்வு 2015இல் வந்தது. கிம்பர்லி பிளாம்ப் என்பவரும் அவருடைய குழுவினரும் மனிதர், சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகியோரின் முள்ளெலும்புகளை அளந்து, வடிவங்களை ஒப்பிட்டார்கள். நாம் 'ஜவ்வு' என்று சொல்லும் டிஸ்க், மேலோ கீழோ இருக்கும் எலும்புக்குள்ளேயே பிதுங்கிக் குழி விழுந்த மனித எலும்புகளும் அதில் இருந்தன. அந்தக் குழியுள்ள எலும்புகளின் வடிவம், மற்ற மனித எலும்புகளைவிட சிம்பன்சியின் எலும்புக்கு நெருக்கமாக இருந்தது. அதாவது, இரண்டு கால் நடைக்கு எல்லாருடைய எலும்பும் ஒரே அளவு மாறிவிடவில்லை. பழைய வடிவம் கொஞ்சம் தங்கிவிட்டவர்களுக்கு டிஸ்க் தொல்லை எளிதாக வருகிறது என்பது அவர்கள் முடிவு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஒரே தறிக்கூடத்தில் ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் ஜவ்வு விலகுகிறது என்பதற்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது.

ஆனால் 'ரெண்டு காலுக்கு வந்தது' ஏதோ நேற்று நடந்தது போலப் பேசுகிறோமே, அதுதான் சரியில்லை. தான்சானியாவின் லயட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த, நம் முன்னோர்களின் காலடிகளுக்கு வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள். எத்தியோப்பியாவில் 1974இல் எலும்புக்கூடாகக் கிடைத்த, லூசி என்று பெயரிடப்பட்ட ஆதி முன்னோர் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவள். அவளுடைய இடுப்பெலும்பு அப்போதே இரண்டு கால் நடைக்கு ஏற்றபடி குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. தொடையெலும்பும் நம்முடையது போலவே முழங்காலை நோக்கி உள்பக்கம் சாய்ந்திருந்தது. அத்தனை காலம் பழகிய உடம்பு இது.

(நம் நாட்டில் இப்படிப்பட்ட பழைய மனித எலும்பு கிடைப்பது அபூர்வம். 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த மண்டையோட்டுப் பகுதிதான் பெரிதாகச் சொல்லக்கூடியது. மற்றபடி நமக்குக் கல் கருவிகள்தான். 1863இல் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில்தான் குடியிருந்தார் என்பது இந்த ஊர்க்காரனாக எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் செய்தி.)

சரி, மற்ற பாதிக்கு வருவோம். எலும்பு உயிருள்ளது. பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். எங்கே சுமை விழுகிறதோ அங்கே கெட்டிப்படும், சுமை இல்லாவிட்டால் இளைக்கும். ஜெர்மனியின் ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே இதை எழுதி வைத்தார். எடையே இல்லாத விண்வெளியில் இருப்பவர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. படுத்தே கிடந்தாலும் எலும்பு இளைக்கும், கூடவே தசையும் போய்விடும். நிமிர்ந்து நிற்கும்போது விழும் எடை எலும்புக்குச் சாப்பாடு மாதிரி. அதை அப்பாவிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

அப்புறம் அந்தத் 'தேய்மானம்'. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. எனவே 58 வயதில் படத்தில் தேய்மானம் தெரிவதை வைத்து மட்டும் வலிக்குக் காரணம் இதுதான் என்று முடிவு கட்ட முடியாது. நரையைப் பார்த்து யாரும் நோய் என்று சொல்வதில்லையே.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது தறிக்குழியை. காலைக் குழிக்குள் விட்டு, முன்னால் குனிந்து, மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டே இருக்கும் வேலை. ஸ்வீடனின் நாகெம்சன் உயிருள்ளவர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட முன்னால் குனிந்து உட்காரும்போதுதான் அழுத்தம் மிக அதிகம். ஆக, இந்த வலி நிமிர்ந்ததால் வந்தது என்பதைவிட, நாள் முழுக்க நிமிர விடாத வேலையால் வந்தது என்பதுதான் நான் பார்த்தவரை பொருந்துகிறது. கொலுசு பற்றவைக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். சேலம், தர்மபுரி வட்டாரத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள நார்களில் சுண்ணாம்பு படிந்து முதுகு மரக்கட்டை போல விறைத்துவிடும். குனியவே முடியாது, கழுத்தும் திரும்பாது. அப்பாவுக்கு வலியைவிட விறைப்புதான் அதிகம் என்றால், சின்ன வயதிலிருந்து எந்த ஊர் போர்வெல் தண்ணீர் குடித்தார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: படுக்கையிலிருந்து எழுப்பி, தாங்குகிற அளவுக்கு நடக்க வையுங்கள். முதலில் தெரு முனை வரை போதும். தறிக்குத் திரும்பும்போது அரை மணிக்கொரு முறை குழியை விட்டு எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் கொஞ்சம் வளையட்டும். உட்காரும் பலகை தாழ்ந்திருந்தால் உயர்த்துங்கள். முதுகு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியை நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. வீடியோ பார்த்து வேண்டாம்.

கால் மரத்துப் பாதம் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, கீழே விழுந்த பிறகு வலி தொடங்கியிருந்தாலோ மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால் நாளைக் காலையிலேயே நடையைத் தொடங்கலாம்.