முகம்மது, முகைதீன் போன்ற பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஏன் ஒரே ஸ்பெல்லிங் இல்லை? எது சரி?

இதைக் கேட்கிறீர்கள் என்றால் வீட்டில் குழந்தை பிறந்திருக்கும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் மாட்டியிருப்பீர்கள். இரண்டாவது என்றால் நானும் உங்கள் கட்சி.

என் பெயர் முகைதீன். ஸ்கூல் டி.சி.யில் அது எம், ஓ, ஹெச் என்று ஆரம்பிக்கும். ரேஷன் கார்டில் எம், ஒய், டி. தாலுகா ஆபீஸில் எழுதியவர் அத்தா 'மைதீன்' என்று சொன்னதைக் காதில் வாங்கி அப்படியே எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வளைகுடா வேலைக்கு பேப்பர் போட்டபோதுதான் வினை. இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, அரசிதழில் பெயர் மாற்றமும் போட வேண்டியதாயிற்று. அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'முகைதீன் ஆகிய நான் இனி முகைதீன் என்று அழைக்கப்படுவேன்.' இதற்குக் கட்டணம் வேறு.

நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை, அரபி ஓதத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் காரணம் எளிது. அரபியில் முகம்மது என்பது மீம், ஹா, மீம், தால் என்று நாலே எழுத்து. குறில் உயிர்களை எழுதுவதில்லை, இரண்டாவது மீமை அழுத்த மேலே ஒரு குறி, அதையும் பெரும்பாலும் போடுவதில்லை. எனவே ஓவா யூவா, ஒரு எம்மா இரண்டு எம்மா என்பதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியவர் காதைப் பொறுத்தது. தொண்டையிலிருந்து வரும் அந்த ஹா ஆங்கிலத்திலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. முகைதீன் இன்னும் மோசம். 'முஹ்யி', 'அல்', 'தீன்' மூன்றும் சேர்ந்து, நடுவில் உள்ள லகரம் தகரத்துக்குள் கரைந்துபோகும். பாக்தாதில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் பட்டப் பெயர் அது. மலேசியாவில் 2020-21ல் பிரதமராக இருந்த முகைதீன் யாசின் பெயரும், அங்கே உள்ள மைடின் சூப்பர் மார்க்கெட் பெயரும் ஒன்றுதான். ஸ்பெல்லிங்கைப் பார்த்தால் யாராவது நம்புவார்களா?

ஆங்கிலேயர்கள் பழைய காலத்தில் லத்தீன், பிரெஞ்சு வழியாகக் கேட்டு 'மஹோமெட்' என்று எழுதினார்கள். இடைக்காலத்தில் அந்தப் பெயரைத் திரித்துச் சாத்தானுக்கே வைத்தார்கள். 1649ல் வந்த ஆங்கிலக் குர்ஆனில் மஹோமெட்தான். 1734ல் குர்ஆனை மொழிபெயர்த்த ஜார்ஜ் சேல் 'மொஹம்மட்' என்று திருத்தி எழுதினார், அப்படியும் 1840ல் எழுத்தாளர் கார்லைல் நபியை உயர்வாகப் பேசியபோது மஹோமெட்டே திரும்பி வந்தது. நம் ஊரில் 1870களில் சர் சையது அகமது கான் அலிகரில் தொடங்கிய கல்லூரியின் பெயரில் 'முகமதன்' இருந்தது. 1920ல் பல்கலைக்கழகமானபோது அது 'முஸ்லிம்' ஆயிற்று. நாங்கள் நபியை வணங்குபவர்கள் இல்லையே, அந்தப் பெயர் எப்படி ஒட்டும்?

இங்கிலாந்து, வேல்ஸில் ஒவ்வொரு ஸ்பெல்லிங்கையும் தனிப் பெயராக எண்ணுகிறார்கள். யூ போட்ட 'முஹம்மத்' 2023ல் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம். ஓ போட்ட இரண்டு வகைகளும் தனித்தனியாக முதல் நூறுக்குள் இருந்தன. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர், ஓ போட்டால் பெயரின் பரக்கத்தே, அதாவது அருளே, போய்விடும் என்று கல்யாண வீட்டில் பந்தியில் வைத்து எனக்கு வகுப்பெடுத்தார். அவர் பாஸ்போர்ட்டில் முகம்மதைச் சுருக்கி வெறும் 'எம்டி'தான் இருக்கிறது.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த 'சர்நேம்' கட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார்? இனிஷியலை விரித்து அத்தா பெயரை அதில் போட்டேன். அன்றிலிருந்து கம்பெனியில் என்னை 'மிஸ்டர் அப்துல் காதர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அத்தாவை அவர் பெயர் சொல்லி ஊரில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, மேஸ்திரி என்பார்கள். அங்கே பிலிப்பினோ பையன் ஒருவன் 'காதர், டீ?' என்று கேட்பான். விமான டிக்கெட்டில் இன்னும் கூத்து, பெயரின் வாலில் மிஸ்டரை இடைவெளியே இல்லாமல் ஒட்டி அடித்திருப்பார்கள்.

எது சரி என்றால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுதான் சரி. குழந்தைக்கு என்றால் பிறப்புச் சான்றிதழில் போடுவதற்கு முன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள், ஆதாரிலும் அதையே போடுங்கள். யூ போட்டால் அரபிக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும், அதை ஒப்புக்கொள்கிறேன். கீழே வந்து எனக்குத் தஜ்வீத் (குர்ஆன் உச்சரிப்பு) பாடம் நடத்தப்போகிறவர்கள், முதலில் உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.