ஒரே ஓர் ஆண்டுதான் என்றால் 1978

கேள்வி: தமிழ் சினிமாவில் ஏதாவது ஓர் ஆண்டின் படங்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எந்தப் படங்களுக்காக?

யோசிக்கவே வேண்டாம், 1978தான்.

அந்த ஆண்டு பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். நடித்த கடைசிப் படமான 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்தது. அப்போது அவர் முதலமைச்சர். டிசம்பரில், ரஜினி நடித்து சிங்கப்பூரில் எடுத்த 'ப்ரியா' வந்தது. ஒரு காலம் முடிந்து இன்னொரு காலம் தொடங்கியது அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள்தான். மகேந்திரன் முதல் படம் எடுத்தார், ருத்ரய்யா முதல் படம் எடுத்தார், பாரதிராஜா இரண்டு படங்கள் தந்தார். ஸ்ரீதரின் 'இளமை ஊஞ்சலாடுகிறது', பாலசந்தரின் 'நிழல் நிஜமாகிறது', 'தப்புத் தாளங்கள்' என்று மூத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 'அன்னக்கிளி' வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த இளையராஜா இவற்றில் பாதிக்கு மேல் இசையமைத்தார். அந்தப் பாட்டுகள் எங்கள் மலைக்கு இலங்கை வானொலி வழியாக முதலில் வந்துவிடும். படம் பல மாதம் கழித்துத்தான் வரும்.

மகேந்திரனின் அந்த முதல் படமான 'முள்ளும் மலரும்' பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்தது நீலகிரியில், குந்தா நீர்மின் திட்டத்தின் ஈ.பி. கேம்ப் (மின்வாரிய ஊழியர் குடியிருப்பு) ஒன்றில். அப்பா அங்கே வேலை பார்த்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மலை மேலே தேக்கிய தண்ணீர் பெரிய இரும்புக் குழாய்களில் பள்ளத்தாக்கில் இருக்கும் பவர் ஹவுசுக்கு இறங்கும். குழாயை ஒட்டித் தண்டவாளம் போட்டு, இரும்புக் கயிற்றில் கட்டிய டிராலியை மேலும் கீழும் இழுப்பார்கள். அதுதான் வின்ச். கிளன்மார்கனிலிருந்து சிங்காரா பவர் ஹவுசுக்கு இறங்கும் வின்ச்சை ஊட்டிப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. சிங்காராவில் 1932லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். செங்குத்தான அந்த இறக்கத்தில் சாமானும் போகும், ஆளும் போவார்கள். அத்தனை உயிரும் மேலே வின்ச் அறையில் இருக்கும் ஒருவரின் கையில்.

அந்த ஒருவரைத்தான் மகேந்திரன் கதாநாயகன் ஆக்கினார். 'கல்கி' இதழில் வந்த உமாசந்திரனின் நாவலிலிருந்து எடுத்த கதை. ரஜினி நடித்த காளி ஒரு வின்ச் ஆப்பரேட்டர். தமிழ் சினிமாவில் அதுவரை தொழிலாளி என்றால் ரிக்‌ஷா இழுப்பார், ஏர் உழுவார், இல்லையென்றால் மில் வாசலில் கொடி பிடிப்பார். மலையில் ஒரு மின் நிலையத்தில் வேலை பார்ப்பவனின் திமிரும் தனிமையும் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டியதில்லை.

அந்தத் திமிர் எங்கிருந்து வருகிறது என்பது எங்கள் கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியர்கள் மாற்றலில் வருவார்கள், இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். ஆப்பரேட்டர் அங்கேயே இருப்பார். கயிறு எந்த இடத்தில் முனகும், மழைக்காலத்தில் பிரேக் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் நேற்று வந்தவரிடம் கைகட்டி நிற்க வேண்டியவரும் அவர்தான். சரத்பாபு நடித்த இன்ஜினியர் நல்லவர், நியாயமானவர், சொல்வதெல்லாம் சட்டப்படி சரி. அதனால்தான் காளிக்கு அவரை அவ்வளவு பிடிக்காமல் போகிறது. கெட்டவராக இருந்தால் அடித்துவிட்டுப் போயிருப்பான். வில்லன் இல்லாமல் இப்படி ஒரு மோதலை எழுதியது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல்.

கேம்ப் கிளப்பில் வெள்ளைத் திரை கட்டி 16 எம்.எம். புரொஜக்டரில் அந்தப் படத்தைப் போட்டார்கள். லாரி ஏறி காளி கையை இழக்கும் இடத்துக்குப் பிறகு கூட்டத்தில் பேச்சே இல்லை. இயந்திரத்தோடு பிழைக்கிறவர்களுக்குக் கை போவது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா காளியின் மனைவி மங்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். படாபட் ஜெயலட்சுமி அந்தச் சாப்பாட்டுப் பிரியையாக நடித்தது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. எனக்கு ஷோபா. தங்கை வள்ளியாக அவர் பெரிதாக எதுவும் பேசுவதில்லை, அண்ணனைப் பார்ப்பார், அவ்வளவுதான். கடைசியில் கல்யாணக் கூட்டத்தை விட்டு அண்ணனிடம் ஓடி வரும்போது அந்த மௌனத்துக்கெல்லாம் கணக்குத் தீர்ந்துவிடும்.

மகேந்திரன் 'தங்கப்பதக்கம்' எழுதியவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக வசனம் எழுதிப் பெயர் வாங்கியவர், தானே இயக்கும்போது வசனத்தைக் குறைத்தார். வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் வருத்தப்பட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'செந்தாழம் பூவில்' பாட்டை எடுக்கப் பணம் இல்லாமல் நின்றபோது கமல் உதவினார். ஒளிப்பதிவாளர் பாலுமகேந்திராவை அறிமுகப்படுத்தியதும் கமல்தான். தான் நடிக்காத, ரஜினி நடித்த படத்துக்கு! அந்தத் தலைமுறையின் பெருந்தன்மை எனக்கு இன்றும் மனதை நிறைக்கிறது.

(இது நீலகிரியில் எடுத்த படம் என்று எங்கள் ஊரிலேயே பலர் சத்தியம் செய்வார்கள். படத்தின் பெரும்பகுதி கர்நாடகத்தில், சிருங்கேரிப் பக்கம் எடுத்தது. பாலுமகேந்திரா எங்கள் கேத்திக்கு வந்தது பிறகு, 1982ல் வந்த 'மூன்றாம் பிறை'க்காக.)

'முள்ளும் மலரும்' வந்த அதே ஆகஸ்டில் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்'. ராதிகாவின் முதல் படம். ஊரை விட்டுப் போன காதலன், தன் ஊர் வழியாகப் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி அனுப்புவதை அவள் ஸ்டேஷனில் நின்று படிப்பாள். செய்தி வர வழியே இல்லாத ஊரில் காதலித்தவர்களுக்கு அது போதும். 'மாஞ்சோலைக் கிளிதானோ' ஜெயச்சந்திரன் குரலில் கேட்டால் இப்போதும் வேலையை நிறுத்திவிடுவேன்.

அப்புறம் தீபாவளி. இந்த ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு அந்த ஒரு தீபாவளியே சாட்சி. கமல் கதாநாயகனாக நடித்த 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது, அதை ஒட்டியே கமல் நடித்த 'அவள் அப்படித்தான்' வந்தது. முதல் படத்தில் பெண்களை வெறுத்துக் கொல்பவன். இரண்டாவதில் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் புரிந்துகொள்ள முடியாமல் போகிறவன். முதல் படம் நன்றாக ஓடியது, இரண்டாவது ஓடவில்லை. பாரதிராஜாவால் கிராமம்தான் எடுக்க முடியும் என்றவர்களுக்கு 'சிகப்பு ரோஜாக்கள்' சரியான பதில், 'நினைவோ ஒரு பறவை' அருமையான பாட்டு. ஆனால் அந்தப் படம் பெண்களைப் பார்க்கும் விதம் எனக்கு ஒப்பவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் ஒப்பவில்லை.

'அவள் அப்படித்தான்' கறுப்பு வெள்ளைப் படம். திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த ருத்ரய்யா எடுத்தது. எழுதியவர்களில் வண்ணநிலவனும் ஒருவர். ஸ்ரீப்ரியாவின் மஞ்சு யாரிடமும் அனுதாபம் கேட்பதில்லை, நல்லவளாகக் காட்டிக்கொள்ள முயல்வதும் இல்லை. ரஜினிக்கு அதில் பெண்களை மட்டமாகப் பேசும் விளம்பரக் கம்பெனி முதலாளி வேடம். ஆகஸ்டில் காளியாக நின்றவர் அக்டோபரில் இதைச் செய்யத் தயங்கவில்லை. கடைசியில் காருக்குள் மஞ்சு கேட்கும் ஒரு கேள்வியும் அதற்கு வரும் சின்னப் பதிலும், இத்தனை ஆண்டுகளில் தமிழில் எழுதப்பட்ட முடிவுகளிலேயே மிகக் கூர்மையானது என்பேன். ருத்ரய்யா இதற்குப் பிறகு 'கிராமத்து அத்தியாயம்' என்ற ஒரே ஒரு படம்தான் எடுத்தார். 2014ல் இறந்துபோனார்.

இவற்றைப் பார்க்காத இளையவர்கள் யாராவது இதைப் படித்தால், 'அவள் அப்படித்தான்' படத்திலிருந்து தொடங்குங்கள். 'முள்ளும் மலரும்' பார்க்கும்போது போனை எடுத்து வைத்துவிடுங்கள், ஷோபா பேசாமல் இருக்கும் இடங்கள் தவறிவிடும்.